மேலூர் இரவுப் பள்ளி முதல் அமைச்சர் நாற்காலி வரை: ஆசிரியராகப் போகிறவர்கள் கக்கனை ஏன் படிக்கணும்?

கக்கன் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது அவரோட எளிமைதான். உள்துறை அமைச்சராக இருந்தவர், வயதான காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் சிகிச்சை பெற்ற கதை வாட்ஸ்அப்பில் இன்னும் சுத்துது. ஆனா, அரசியலில் பெரிய ஆளாவதற்கு முன்னாடி மேலூரில் அவர் பார்த்த வேலை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

யார் இந்தக் கக்கன்?

மதுரை மாவட்டம் மேலூர் அருகே தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18-ல் பிறந்தவர். பட்டியலினக் குடும்பம். அப்பா கிராமக் கோயில் பூசாரி. இளம் வயதிலேயே காங்கிரஸில் சேர்ந்த கக்கனுக்கு வழிகாட்டியாக இருந்தவர், மதுரை வழக்கறிஞரும் தமிழ்நாடு ஹரிஜன சேவா சங்கத் தலைவருமான வைத்தியநாத ஐயர்.

மேலூரில் என்ன செய்தார்?

பட்டியலினப் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தினார். மேலூர் மாணவர் விடுதியில் காப்பாளராகவும் இருந்தார்.

இரவுப் பள்ளி எதுக்கு? பகலில் மாடு மேய்க்கவும் வயல் வேலைக்கும் போகிற பிள்ளையால் பத்து மணிக்கு வகுப்பில் உட்கார முடியாது. அதனால் பிள்ளைக்கு நேரம் கிடைக்கும்போது பள்ளி நடந்தது. விடுதியும் அப்படித்தான். படிக்க ஆசை இருந்தாலும், சாப்பாடும் தங்க இடமும் இல்லைன்னா படிப்பு பாதியில் நின்றுவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம், சொல்லிக் கொடுத்தவர் அதே மண்ணில், அதே ஒதுக்கலை அனுபவித்து வளர்ந்தவர். அந்தப் பிள்ளைகள் ஏன் வரவில்லை, ஏன் பேசத் தயங்குகிறார்கள் என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு?

1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1952-ல் மக்களவை உறுப்பினர் என வளர்ந்தார். 1957-ல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணியோடு, அப்போது ஹரிஜன நலம் என்று அழைக்கப்பட்ட துறையும் அவரிடம் வந்தது. மேலூர் விடுதியில் பார்த்த பிரச்னைகளை இப்போது மாநிலம் முழுக்கப் பார்க்கும் பொறுப்பு. பிறகு வேளாண்மை, உள்துறை. 1967 தேர்தலில் தோற்றார். 1981 டிசம்பர் 23-ல் காலமானார்.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டார். இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தில் மாற்றம் வேண்டும், சாதிப் பாகுபாடு பற்றியும் அதற்கு எதிரான சட்டங்கள் பற்றியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் சில.

அரசுப் பள்ளி வகுப்பறையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்களும், வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களும் அதில் உண்டு. பாடம் நடத்தத் தெரிந்தால் மட்டும் அங்கே போதாது. பிள்ளையின் வீடு, வேலை, பயம் எல்லாம் தெரிந்திருக்கணும். கக்கனுக்கு அது வாழ்க்கையிலேயே கிடைத்தது. மற்றவர்களுக்கு அதைப் பயிற்சியில்தான் கொடுக்க முடியும்.

தும்பைப்பட்டியில் கக்கனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. கற்பித்தல் பயிற்சிக்காக மேலூர் பக்கம் போகிற பி.எட். மாணவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துட்டு வரலாம்.