அதிர்வை ஆராய்ந்த அறிஞர் சர் சி. வி. இராமன்

அகத்தியர் மலையின் அடிவாரத்திலுள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தை அறியாத குடும்பம் நம் குடியிருப்பில் இராது. அங்குள்ள தொழிற்சாலை இன்று ஓசையடங்கிக் கிடக்கின்றது. அது ஓடிய நாளில், இலை உருட்டும் எந்திரங்கள் சுழலுங்கால் தளம் அதிர்வதைக் காலால் உணர்ந்த முதியோர் நம்மிடையே உளர். அதிர்வின் இயல்பை அறிந்தாலன்றி அதனை அடக்குதல் இயலாது. அவ்வியல்பை ஆராய்வதில் தம் இளமையைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம். ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபெல் பரிசு பெற்றவர் என்றே உலகம் அவரை அறியும். நாம் கூறவிருப்பது வேறு பகுதி.

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். ஆசிரியரான தந்தையார் வயலின் வாசிப்பதில் விருப்புடையவர். அவர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் பணியேற்றதால், நம் பிள்ளைகளைப் போலவே இராமனும் வேற்றுமொழி வழங்கும் ஊரில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் முதன்மையாகத் தேறியும், இங்கிலாந்தின் குளிரை அவர் உடல் தாங்காது என மருத்துவர் கூறிவிட்டமையால் கடல் கடந்து கற்கும் வாய்ப்பு நழுவிற்று. 1907இல் சர்க்கார் நிதித்துறையில் உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றார். இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார்.

பகலெல்லாம் கணக்கு, காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி. இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி அளிக்க முன்வந்தது. ஊதியமோ ஏறத்தாழப் பாதி. மேலும் உயர்தற்குரிய உத்தியோகத்தைக் குடும்பத்தலைவர் ஒருவர் துறப்பது எளிதன்று. அவர் துறந்தார்.

அக்காலத்தில் அவர் ஆராய்ந்தவை வயலின், வீணை, தம்பூரா, மிருதங்கம் என்பன. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலைத் தட்டினால் எழும் மேலொலிகள் அடியொலிக்கு முழு மடங்காக அமைவதில்லை. முதல் மேலொலி ஏறத்தாழ 1.59 மடங்கு. ஆதலின் இசையாகாமல் இரைச்சலாகின்றது. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவே கருஞ்சோறு படிப்படியாக அப்பப்பட்டுள்ளது. அச்சுமை தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, மேலொலிகளை முழு மடங்குகளாக்குகின்றது என்பதை இராமன் 1920இல் ஒரு துணைவருடன் வெளியிட்டார், பின்னர் விரித்தெழுதினார். தோலின்மீது நுண்மணலைத் தூவி, அது அசையாத கோடுகளில் ஒதுங்குவதைக் கண்டு, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுருதிகளாகக் கூடுவதைக் காட்டினார். பாடம் கற்காத நம் மிருதங்கத் தொழிலாளர் கைப்பழக்கத்தால் கண்டது இது. பொருளின் சுமையை எவ்விடத்தில் எவ்வளவு வைத்தால் அதிர்வு எவ்வாறு மாறும் என்பதே இதன் உட்கருத்து.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். குறையையும் மறைக்கலாகாது: கமலா பாகவத் என்னும் மாணவியைப் பெண் என்பதனால் முதலில் சேர்க்க மறுத்தார், அவர் விடாது நின்றபின் நிபந்தனையோடு இடமளித்தார். நம் பெண்மக்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

அங்கிருந்தே, நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, செவிக்கெட்டாத மீயொலி பரவும் திரவத்தில் ஒளி எவ்வாறு பிரிகின்றது என்பதை 1935, 1936ஆம் ஆண்டுகளில் விளக்கினார். அத்தகைய மீயொலியை எழுப்பப் பயன்பட்டது படிகக்கல். கியூரி சகோதரர் 1880இல் கண்டறிந்தபடி, அக்கல்லை அழுத்தினால் மின்சாரம் தோன்றும். மின்சாரம் செலுத்தினால் கல் விரிந்து சுருங்கும். இன்று அதே இயல்புடைய பீங்கான் தகடுகளை விமானச் சிறகு போன்ற உறுப்புகளில் ஒட்டுகின்றனர். ஒரு தகடு நடுக்கத்தை உணர்ந்து மின்குறி தரும். மற்றொன்று எதிராகத் தள்ளி அதனை அடக்கும். எங்கே ஒட்டுவது என்பதைக் கணிப்பொறியில் மாதிரி அமைத்துக் கண்டறிவர். அதிகம் வளையும் இடத்தில் ஒட்டினால் பலனுண்டு. பிழையான இடத்தில் ஒட்டினால் தகடு வீண். மிருதங்கச் சோற்றுக்கும் இக்கணக்குக்கும் உள்ள உறவை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

1948இல் ஓய்வு பெற்றதும் பெங்களூரில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, இறுதிவரை அங்கேயே உழைத்தார். 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் காலமானார். அந்நிலையத்துத் தோட்டத்திலேயே அவருடல் எரியூட்டப்பெற்றது. அவ்விடத்தில் நினைவுமண்டபம் எழுப்பவில்லை. மரம் ஒன்று நட்டனர்.