எம்.எஸ். என்பதில் அந்த ‘எஸ்’ யாரு?

போன மாசம் பிளேஸ்மென்டுக்கு ஆன்லைன் ஃபார்ம் நிரப்பிட்டு இருந்தோம். ‘தந்தை பெயர்’ கட்டத்துல சிவப்பு நட்சத்திரம். என் பக்கத்துல இருந்த தோழிக்கு அம்மா மட்டும்தான், இனிஷியலும் அம்மா பேருதான். காலியா விட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. கடைசியில அந்தக் கட்டத்துலயும் அம்மா பேரையே அடிச்சா.

மறுநாள் விடிகாலை மண்ணூர் டீக்கடையில, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவங்களுக்கு நடுவுல, வழக்கம்போல எம்.எஸ். சுப்ரபாதம். அப்போதான் அந்த இனிஷியல் மண்டையில தட்டுச்சு.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில் பிறந்தார். ‘எம்’ மதுரை. ‘எஸ்’ சண்முகவடிவு, வீணை வாசித்த அவருடைய அம்மா. பாட்டி அக்கம்மாள் வயலின் கலைஞர். தேவதாசி மரபில் வந்த குடும்பம். அப்பா என்று அறியப்பட்டவர் சுப்பிரமணிய ஐயர், வக்கீல். அவருக்கு வேறு வீடு, வேறு குடும்பம். இந்த மரபில் கலையும் பேரும் அம்மா வழியாகத்தான் இறங்கும். அதனால அம்மா இனிஷியல் அந்த வீட்டுக்குள்ள குறையே இல்லை. வெளியிலதான் அது பிறப்பைக் காட்டிக் கொடுக்கிற எழுத்து.

அந்தக் காலத்து மூன்று பெரிய பாடகிகளைப் பாருங்க. எம்.எல். வசந்தகுமாரியில் ‘எல்’ அம்மா லலிதாங்கி. டி.கே. பட்டம்மாளில் ‘கே’ அப்பா கிருஷ்ணசுவாமி தீட்சிதர். யார் எந்த வீட்டிலிருந்து வந்தவர்னு கச்சேரி நோட்டீஸ்லயே தெரிஞ்சிடும்!

10 வயசில் முதல் இசைத்தட்டு. 1936இல் அம்மாவின் விருப்பத்தை மீறி வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார். 1940இல் திருநீர்மலையில் சதாசிவத்தோடு கல்யாணம். அதுக்கப்புறம் நடை, உடை, வீடு எல்லாம் மாறிச்சு. பிறந்த வீட்டுக் கதையை மேடையில் யாரும் பேசல, அவரும் பேசல. அந்த மௌனம் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இனிஷியல் மட்டும் மாறவே இல்லை. 1945இல் ‘மீரா’, 1966இல் ஐ.நா. சபையில் கச்சேரி, 1968இல் சங்கீத கலாநிதி (அதை வாங்கிய முதல் பெண்), 1998இல் பாரத ரத்னா. எல்லா இடத்துலயும் சண்முகவடிவு கூடவே போனாங்க. அவர் கட்டின நீலப் புடவைக்கு ‘எம்.எஸ். புளூ’ன்னு பேர் வெச்ச நாம, ‘எஸ்’ யாருன்னு கேட்டதில்ல.

2004 டிசம்பர் 11 அன்று எம்.எஸ். இறந்தார். நான் பிறந்த வருஷம். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: திருமணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் தரணும், அப்பா யாருன்னு சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த ஃபார்மை டிசைன் பண்ணினவருக்கு இது இன்னும் போய்ச் சேரல போல.

தோழிக்கு ஷார்ட்லிஸ்ட் மெயில் வந்திடுச்சு. மேல ‘டாட்டர் ஆஃப்’னு போட்டு அவங்க அம்மா பேரு. எனக்குத்தான் இன்னும் வரல.