மாசிக்காய் காட்டிய மதுரை

சபாக்கில் பாட்டியின் மருந்துப் பெட்டியில் மாசிக்காய் இருக்கும். மலாய்க்காரர்கள் மஞ்சகானி என்பார்கள். அதிலிருந்து கிடைக்கும் காலிக் அமிலத்தில்தான் மதுரைக் கோயிலின் பழைய புகைப்படங்கள் உருப்பெற்றன என்று அறிந்தபோது வியந்தேன்.

எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்தவர். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரானார். 1858இல் மதுரை, தஞ்சை சென்றார். தாள் நெகட்டிவ்களை அமிலத்தில் ஊறவைத்து, உருவம் எழும்வரை இருட்டில் காத்திருக்க வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டை அப்படியே 21 படங்களாக எடுத்து ஒட்டினார்!

மறு ஆண்டே ஆளுநர் டிரவெலியன் வீண்செலவென்று நிறுத்திவிட்டார். இழப்பு நமக்குத்தான்.

டிரைப் 1902இல் இறந்தார். அதற்குள் ஹைட்ரோகுவினோனும் மெட்டாலும் வந்து, காத்திருப்பு சில நிமிடங்களாகிவிட்டது. எங்கள் பல்கலைக்கழக இருட்டறையில் நான் கரைக்கும் டி-76 தூளிலும் அவ்விரண்டும்தான்.