குரோம்பேட்டை கண்ட வித்யாதாதா ஸ்ரீ சி. ராஜம்

திருநீர்மலை திவ்யதேசத்தைச் சேவிக்க மின்சார ரயிலில் வரும் அடியார்களில் பெரும்பாலோர் பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ இறங்கி மேற்கு நோக்கிச் செல்வது வழக்கம். அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்றும், மலைமேல் நரஸிம்ஹனாக வீற்றிருந்தும், ரங்கநாதனாகச் சயனித்தும், திரிவிக்கிரமனாக நடந்தும் ஸேவை ஸாதிக்கும் எம்பெருமானைக் காணும் அவசரத்தில், குரோம்பேட்டையில் மரங்கள் அடர்ந்து நிற்கும் ஒரு கல்விச்சாலையை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். எம்.ஐ.டி. என்ற மூன்றெழுத்துகளால் அறியப்படும் அக்கல்லூரி, ஒரு பெரியவர் தம் சொந்த மாளிகையை விற்று எழுப்பியதாகும். அவர் பெயர் சின்னஸ்வாமி ராஜம்.

சோழவள நாட்டில் காவிரிக் கரையிலுள்ள ஸ்வாமிமலையில் 1882ஆம் ஆண்டு அவதரித்தவர் ஸ்ரீ ராஜம். வேதமும் நெல்லும் விளைந்த அந்தப் பூமியிலிருந்து இரும்புத் தொழிலுக்கும் மின்சாரத் தொழிலுக்கும் ஒருவர் புறப்பட்டது அக்காலத்தில் அபூர்வமே. இந்தியா கம்பெனி என்னும் வியாபார ஸ்தாபனத்தை நிறுவினார். கும்பகோணம் எலெக்ட்ரிக் ஸப்ளை கார்ப்பரேஷனை ஏற்படுத்தினார். நாகப்பட்டினத்தில் எஃகு உருக்கி உருட்டும் ஆலை ஒன்றையும் தோற்றுவித்தார். நகரங்களுக்கு விளக்கேற்றும் பொறுப்பைத் தனியார் கம்பெனிகள் அரசாங்கத்திடம் லைசென்ஸ் பெற்று நடத்திய காலம் அது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல்தான் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் மின்சாரம் அதற்கும் ஐந்தாண்டு பிந்தியது. தெருவிளக்கு எரிவதை ஜனங்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்த தலைமுறைக்கு மின்சாரம் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் இவரும் ஒருவர்.

இத்தகைய தொழில்களை நடத்துபவருக்கு மூலதனத்தைக் காட்டிலும் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. இயந்திரத்தை விலை கொடுத்து வரவழைத்துவிடலாம். அது பழுதானால் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவனை எங்கே தேடுவது? கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று வந்தவர்களில் பெரும்பாலோர் பாலமும் சாலையும் அணையும் கட்டும் அரசாங்க உத்தியோகத்திற்கே சென்றனர். பாரத தேசம் சுதந்திரம் அடையும் தறுவாயில் இருந்தது. பெங்களூரில் விமானத் தொழிற்சாலை 1940இலேயே தொடங்கிவிட்டது. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் மோட்டார் தொழில் 1948இல் வேரூன்றியது. வானொலியும் கம்பியில்லாத் தந்தியும் பெருகின. இவற்றை நடத்தப் பயிற்சி பெற்ற வாலிபர்கள் வேண்டும் என்பதை ஸ்ரீ ராஜம் போன்ற அநுபவசாலிக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அறுபது வயதைக் கடந்தவர்கள் சேர்த்த பொருளைக் காப்பதிலும், பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிடுவதிலும் மனம் செலுத்துவதே உலக இயல்பு. ஸ்ரீ ராஜமோ, இந்தியா ஹவுஸ் என்ற பெயருடன் விளங்கிய தம் மாளிகையை விற்றார். கிடைத்த தொகை ஐந்து லக்ஷம் ரூபாய். ஒரு ஸவரன் நூறு ரூபாய்க்கும் கீழே விற்ற காலத்தில் அது எத்தகைய திரவியம் என்பதை அன்பர்கள் கணக்கிட்டுக் கொள்ளலாம். அத்தொகையே கல்லூரியின் முதல் மூலதனமாயிற்று. தான் குடியிருந்த வீட்டையே வித்யாதானத்திற்கு அளித்த இச்செயலுக்கு ஒப்பானவை மிகச் சிலவே.

பணம் மட்டும் கொண்டு ஒரு கல்லூரி நடந்துவிடாது. பல்கலைக்கழகத்தின் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. சுயேச்சையான ஸ்தாபனமாகவே அது தொடங்கியது. அங்கே கொடுக்கும் டிப்ளமோவை நாளை வேலை கொடுப்போர் மதிப்பார்களா என்ற ஐயம் பெற்றோர்களுக்கு எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை. இந்த இடத்தில்தான் ஸ்ரீ ராஜத்தின் தலைமைப் பண்பு விளங்குகிறது. சென்னையில் நன்மதிப்புப் பெற்ற பெரியோர்களை அவர் தம்முடன் சேர்த்துக் கொண்டார். வழக்கறிஞர் எம். சுப்பராய ஐயர், பொறியாளர் எல். வெங்கடகிருஷ்ண ஐயர், சுதேசமித்திரன் ஆசிரியர் சி.ஆர். ஸ்ரீநிவாஸன் முதலியோர் துணை நின்றனர். எம்.கே. ரங்கநாதன் முதல் டைரக்டராகப் பொறுப்பேற்றார். 1949ஆம் ஆண்டு கல்லூரி தொடங்கியபோது ஸ்ரீ ராஜத்திற்கு வயது அறுபத்தேழு.

இடமாகக் குரோம்பேட்டை அமைந்ததும் பொருத்தமே. குரோமிய உப்பினால் தோல் பதனிடும் குரோம் லெதர் கம்பெனியினால் அப்பெயர் பெற்ற ஊர் அது. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலே மீனம்பாக்கம் விமான நிலையம். 1928இல் க்ஷயரோக ஸானடோரியமும் 1937இல் கிறிஸ்தவக் கல்லூரியும் தாம்பரத்தை வந்தடைந்திருந்தன. நகரத்தின் சந்தடி எட்டாத, ஆனால் நகரத்துக்கு எளிதில் போய்த் திரும்பக்கூடிய இடம்.

கற்பித்த துறைகள் நான்கு: விமானப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், எலெக்ட்ரானிக்ஸ், கருவிப் பொறியியல். இக்காலத்தில் இவை சாதாரணமாகத் தோன்றலாம். அன்று எலெக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லே பலருக்குப் புதியது. பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர்களையே சேர்த்துக்கொண்டு மூன்றாண்டு பயிற்றுவித்தனர். பௌதிகமும் கணிதமும் முன்பே கற்றுத் தேர்ந்தவர்களாதலால், இயந்திரத்தின் தத்துவத்தைப் புரிய வைக்க ஆசிரியர்கள் அதிகம் வருந்த வேண்டியிருக்கவில்லை. மிகவும் யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

ஆசிரியர்களும் பல திசைகளிலிருந்து வந்தனர். விமானத்துறைக்கு ஒரு ஜெர்மானியர், வால்டர் ரெபெந்தின், தலைவராக இருந்தார். அவருக்குக் கீழே, நாஜிகளின் சிறை முகாமில் அல்லலுற்ற ஸ்பாண்டர் என்னும் ஆஸ்திரியர் பாடம் நடத்தினார். ஜெர்மானியர்பால் அவருக்கிருந்த கசப்பு மறையவில்லை. ஆயினும் இருவரும் ஒரே துறையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். பண்டாலை, நரசிங்க ராவ் ஆகியோரும் அங்கே பேராசிரியர்கள். உபயோகத்திலிருந்து நீக்கப்பெற்ற இரண்டு பழைய விமானங்கள் மாணவர்களின் பார்வைக்காகக் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன.

அவ்விமானங்களைக் கண்டு அவற்றின் அருகே நெடுநேரம் நின்றவர்களில் ஒருவர் ராமேச்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம். திருச்சி ஸெயின்ட் ஜோஸப் கல்லூரியில் 1954இல் படிப்பை முடித்தவருக்கு எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஆயிரம் ரூபாய்வரை தேவைப்பட்டது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியை அனுப்பினார். மாளிகையை விற்ற தனவந்தரும், வளையலைக் கழற்றிய ஏழைத் தமக்கையும் ஒருவரையொருவர் கண்டதாகத் தெரியவில்லை. இருவரது திரவியமும் ஒரு வகுப்பறையிலே வந்து கூடியது.

ஏறக்குறைய அதே சமயத்தில், 1955இல், ஸ்ரீ ராஜம் பரமபதம் அடைந்தார். ஆறாண்டுகளே தம் கல்லூரியைக் கண்ணால் காண அவருக்கு வாய்த்தது. ஸ்தாபகர் மறைந்ததும் மங்கிப்போகும் ஸ்தாபனங்கள் எத்தனையோ உண்டு. இதற்கு அக்கதி நேராமற் போனதற்கு, தொடக்கத்திலேயே தனியொருவரை நம்பாமல் பலரைப் பொறுப்பில் அமர்த்திய அவருடைய ஏற்பாடே காரணம் எனலாம். 1978இல் சென்னையில் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானபோது, கிண்டிப் பொறியியற் கல்லூரி முதலியவற்றுடன் எம்.ஐ.டி.யும் அதன் அங்கமாயிற்று.

பட்டம் தர இயலாது தொடங்கிய அச்சாலையிலிருந்து வெளிவந்தவர்களைக் காண்போம். கலாம் 1980இல் எஸ்.எல்.வி. ராக்கெட்டை விண்ணில் செலுத்திய திட்டத்தின் தலைவர்; 2002 முதல் 2007 வரை ராஷ்டிரபதி. கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து 1980இல் விமானப் பொறியியல் முடித்த கே. சிவன், 2018 முதல் 2022 வரை விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோவின் தலைவர். ஸ்ரீவைஷ்ணவ அன்பர்களுக்கு மிகவும் நெருக்கமானவர் மற்றொருவர் உண்டு. ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, இங்கே எலெக்ட்ரானிக்ஸ் பயின்ற எஸ். ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு கொண்டார். சுஜாதா என்ற புனைபெயரில் கதைகள் எழுதிப் பெரும்புகழ் எய்திய அவர், ஆழ்வார்களைப் பற்றியும் எளிய தமிழில் எழுதி இளைஞர்களைப் பிரபந்தத்தின் பக்கம் திருப்பிவிட்டு 2008இல் மறைந்தார்.

கல்லூரி வளாகத்தில் உள்ள பெரிய மண்டபம் ராஜம் ஹால் என்று வழங்கப்படுகிறது. மாணவர்களின் கூட்டங்களும் விழாக்களும் அங்கேதான் நடைபெறுகின்றன.