மார்ஷல் வார்டு

காப்பியிலையின் துருநோய் வித்துக்களை உண்டு வாழும் நுண்ணிய ஈப்புழுக்கள் உள. அவற்றாலும் அடங்காத அந்நோயை ஆராய்ந்தவர் ஹாரி மார்ஷல் வார்டு. 1854-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர், 1880-இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1869 முதல் ஆங்குப் பரவிய துரு, காப்பித் தோட்டங்களையும், தமிழகத்தினின்று சென்ற தொழிலாளரின் பிழைப்பையும் ஒருங்கே அழித்து வந்தது.

காற்றிற் பறக்கும் வித்து ஈரமான இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உட்புகுமென்று வார்டு நிறுவினார். ஒரே பயிரை இடையீடின்றி நட்டதே கேட்டினை வளர்த்ததென்றும் கண்டார். மருந்து கிட்டவில்லை, 1882-இல் தாயகம் மீண்டார். தோட்டக்காரர் தேயிலையை நாடினர்.

1895-இல் கேம்பிரிட்ஜில் தாவரவியற் பேராசிரியராகி, 1906-இல் மறைந்தார். காப்பியைக் காவாதவரெனச் சிலர் இவரை இகழலாம். நோயின் வழியைக் காட்டியவரைத் தோற்றவரென நாம் கூறோம்.