மயில் வளர்த்த பிளானரி அம்மையார்

1925-ம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி, தேவமாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளன்று, அமெரிக்க தேசத்து ஜார்ஜியா மாகாணத்தில் சவான்னா என்னும் நகரில் மேரி பிளானரி ஓ'கானர் பிறந்தார். அயர்லாந்து வம்சத்துக் கத்தோலிக்கக் குடும்பம், ஒரே பிள்ளை. சிறுவயதிலேயே கோழி, வாத்துகள் மேல் அலாதிப் பிரியம். இவர் வளர்த்த கோழி ஒன்று பின்பக்கமாய் நடக்குமாம். அதைப் படம் பிடிக்கச் சினிமாச் செய்திக்காரர்களே வீடு தேடி வந்தார்கள்.

தகப்பனார் எட்வர்டுக்கு லூபஸ் என்னும் வியாதி கண்டது. அக்காலத்தில் அதற்கு உருப்படியான மருந்து இல்லை. 1941 பிப்ரவரியில் அவர் இறந்தபோது மகளுக்கு 15 வயது.

லூபஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். முகத்துப் புண்களை ஓநாய்க் கடிக்கு ஒப்பிட்டுப் பழைய வைத்தியர்கள் இட்ட பெயர் அது. நம் சரீரத்தில் கிருமிகளோடு போராடுகிற காவற்படை ஒன்று உண்டு. இவ்வியாதியில் அக்காவலாளிகளே புத்தி மாறி, காக்க வேண்டிய வீட்டையே தாக்குகிறார்கள். மூட்டுகள் வலிக்கும், விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மயிர் உதிரும், வாயில் புண் தோன்றும், இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் செந்தடிப்பு படரும். சிறுநீரகத்தைத் தொட்டால் ஆபத்து அதிகம். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதினர். இது தொற்றுநோயன்று, குஷ்டமுமன்று. தகப்பனுக்கும் மகளுக்கும் வந்ததைப் படித்து யாரும் கலங்க வேண்டாம். இந்நோய் உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை.

பிளானரி கல்லூரிப் படிப்பை முடித்து, அயோவா சர்வகலாசாலையில் கதை எழுதும் கலை பயின்றார். 1950 டிசம்பரில், தம் முதல் நாவலைத் தட்டெழுத்தில் அடிக்கையில் கைகள் கனத்தன. கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் ரயிலிலேயே கடும் நோயாளியானார். கீல்வாதம் என்றே முதலில் எண்ணினார்கள். அட்லாண்டா நகரத்து வைத்தியர்தாம் லூபஸ் என்று கண்டுபிடித்தார். அப்போது பிளானரிக்கு 25 வயது.

தாயார் ரெஜினா உண்மையை மகளிடம் சொல்லவில்லை. புருஷனைக் கொண்டுபோன வியாதியின் பேரை மகள் காதில் போட எந்தத் தாய்க்கு மனம் வரும்? கீல்வாதம் என்றே பிளானரி நம்பிக்கொண்டிருந்தார். 1952-ல்தான் ஒரு சிநேகிதி உண்மையைச் சொன்னார். இடிந்து போவார் என்று பயந்தது வீண். தமக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டது நல்லதே என்று கருதி, ஊருக்கு வெளியே தாயாரின் பண்ணையில் நிலையாகக் குடியிருக்கத் தீர்மானித்தார்.

நம் ஜெயங்கொண்டத்துப் பக்கத்துக் குடும்பங்களிலும் இந்த மறைத்தல் உண்டு; ஆனால் இங்கே மறைப்பது பெண்ணிடமன்று, சம்பந்தி வீட்டாரிடம். கலியாணம் தடைப்படுமே என்று வியாதியை மூடி வைப்பார்கள். புகுந்த வீட்டில் மருந்துச் சீட்டை வெளியே எடுக்க அஞ்சி, அந்தப் பெண் மாத்திரையை நிறுத்திவிடுவாள். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வியாதி அடங்கி ஆறு மாதமாவது ஆன பின், வைத்தியரைக் கேட்டுக் கர்ப்பம் தரித்தால், இவர்களில் அநேகர் சுகமாய்ப் பிள்ளை பெறுகிறார்கள். அதற்குப் புருஷனுக்கும் மாமியாருக்கும் முன்னமே விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

பிளானரிக்குக் கிடைத்தது அன்றைய புது மருந்து. பன்றிகளின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்தது. தமக்குத் தாமே ஊசி போடக் கற்றுக்கொண்டார். உயிரைக் காத்த மருந்து முகத்தை வீங்கச் செய்தது. இடுப்பெலும்பு நலிந்து, 1955 முதல் ஊன்றுகோல்களை ஊன்றி நடந்தார். இன்று மலேரியாவுக்குக் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையே இவ்வியாதிக்கு முதல் மருந்து. அதை உண்பவர்கள் அவ்வப்போது கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டைக் கூடியமட்டும் குறைவாய்த் தருகிறார்கள். இரத்தத்தையும் மூத்திரத்தையும் தவறாமல் சோதிக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இத்தகைய வியாதிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வெயில் இவர்களுக்குப் பகை. முந்திரிக் கொல்லையில் உச்சி வெயிலில் நிற்பதும், வேளாங்கண்ணிக்குப் பகலில் கால்நடையாய்ப் போவதும் கூடாது. பஸ்ஸில் போனாலும் மாதா ஏற்றுக்கொள்வாள்.

பண்ணையில் அவருடைய நாள் அளந்து வைத்தது போல் நடந்தது. காலையில் தாயாரோடு திவ்விய பூசை. பின்பு மதியம்வரை எழுத்து. தம் பலம் அவ்வளவுதான் என்று அறிந்து, அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பிற்பகலில் இளைப்பாறுதல், கடிதங்கள், மயில்கள். நம் தேசத்து மயிலினத்தைத்தான் கூட்டங் கூட்டமாய் வளர்த்தார்! அவை தாயாரின் பூச்செடிகளைத் தின்று தீர்த்தன. மயில் செய்கிற அட்டகாசத்தை நம் கொல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படியே இரண்டு நாவல்களும் பல சிறுகதைகளும் எழுதினார்.

1958-ல் உறவுக்கார மூதாட்டி ஒருவர் செலவை ஏற்று, தாயையும் மகளையும் லூர்து நகருக்கு அனுப்பினார். ஸ்நானத் தொட்டியில் இறங்கப் பிளானரிக்கு இஷ்டமில்லை. பிறர் வற்புறுத்தவே இறங்கினார். அங்கே தம் எலும்புக்காக அவர் வேண்டிக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டிருந்த நாவல் நல்லபடி முடிய வேண்டும் என்றே மன்றாடினார். உரோமையில் பாப்பரசர் 12-ம் பத்திநாதரையும் தரிசித்தார். அந்த வருஷக் கடைசியில் எலும்பு சற்றுத் தேறியதாக வைத்தியர் கண்டார். அந்தச் சுகம் நீடிக்கவில்லை. நாவல் முடிந்து 1960-ல் வெளிவந்தது.

1964 பிப்ரவரியில் கர்ப்பப்பைக் கட்டிக்காக அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை அடங்கியிருந்த லூபஸ் மறுபடியும் சீறி எழுந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் கதைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஜூலையில் தாமே கேட்டு அவஸ்தைபூசுதல் பெற்றார். ஆகஸ்டு 3-ந் தேதி, 39-ம் வயதில் இறந்தார். மில்லெட்ஜ்வில் ஊர்க் கல்லறையில், தகப்பனார் எட்வர்டின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.