இரவுக் காவல் பார்த்த விஞ்ஞானி



மெக்கானிக்கல் படிக்கிற உனக்கு உயிரியல் எதுக்குடா என்று நண்பர்கள் கேட்டார்கள். விந்தணு, கருமுட்டை என்றெல்லாம் மலரில் எழுதலாமா என்று சிரிக்கவும் செய்தார்கள். ஆனாலும் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மின் சூ சாங், 1908-ல் சீனாவின் ஷான்சி மாநிலத்தில் பிறந்தவர். பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் படித்து 1933-ல் பட்டம் பெற்றார். 1938-ல் போட்டித் தேர்வில் ஜெயித்து பிரிட்டன் போனார். முதலில் எடின்பரோ, பிறகு கேம்பிரிட்ஜ். சொந்த நாட்டிலே ஜப்பான் படையெடுப்பு, போன இடத்திலே உலகப்போர்! அதற்கு நடுவிலும் செம்மறிக் கிடாவின் விந்தணுக்களை ஆராய்ந்து 1941-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1945-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த வூஸ்டர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். அப்போதுதான் தொடங்கிய நிறுவனம், கையில் காசு இல்லை. அதனால் பகலில் ஆராய்ச்சி செய்த சாங்கே ராத்திரியில் காவல்காரராகவும் இருந்தார். டாக்டர் பட்டம் வாங்கியவர் காவல் வேலை பார்ப்பதா என்று அவர் ஒதுங்கவில்லை!

முயலின் முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்ததாக அங்கிருந்த கிரிகரி பிங்கஸ் 1930-களில் அறிவித்திருந்தார். அந்த வித்தையைக் கற்கத்தான் சாங் வந்தார். ஆனால் எத்தனை தரம் செய்தும் வரவில்லை. விந்தணு நன்றாகத்தான் நீந்துகிறது. முட்டையிலும் குறையில்லை. பக்கத்தில் வைத்தால் மட்டும் இரண்டும் சேர மாட்டேன் என்கிறது. ஏன்?

சாங் விந்தணுக்களைப் பெண் முயலின் கருக்குழாயில் வெவ்வேறு நேரங்களில் விட்டுப் பார்த்தார். முட்டை வந்த பிறகு விட்டால் பலனில்லை. பல மணி நேரம் முன்னாடியே விட்டு வைத்தால் கரு உண்டாகிறது! அதாவது, விந்தணு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. பெண்ணின் உடலுக்குள் கொஞ்ச நேரம் இருந்து தகுதி பெற வேண்டும். முயலுக்கு அது சுமார் 6 மணி நேரம். 1951-ல் சாங் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் என்பவரும் தனியாக இதையே கண்டுபிடித்தார்.

நம்ம ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டு அப்படியே பொருந்துமா? அரத்தால் ராவி, பிசிறு எடுத்தால்தானே உள்ளே இறங்கும்! விந்தணுவிலும் அப்படித்தான். அதன் மேல்சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் கழன்று போகிறது. சவ்வு இளகுகிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. வால் சாட்டை மாதிரி வேகமாக அடிக்கிறது. அடுத்து, தலையில் தொப்பி போல இருக்கும் அக்ரோசோம் என்ற பை திறந்து நொதிகள் வெளிவருகின்றன. அப்போதுதான் இஸூமோ என்ற புரதம் தலையின் மேற்பரப்புக்கு வருகிறது. 2005-ல் ஜப்பானில் இதைக் கண்டுபிடித்தவர்கள், கல்யாண வேண்டுதலுக்குப் பேர்போன ஒரு கோயிலின் பெயரை இதற்கு வைத்தார்கள். முட்டையின் மேல் இருக்கும் அதன் ஜோடிப் புரதம் ஜூனோ. அதை 2014-ல் பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டும் கைகோத்தால்தான் விந்தணுவும் முட்டையும் ஒன்றாகும்.

தகுதி பெற்ற விந்தணுக்களைக் கொண்டு 1959-ல் சாங் முயல் முட்டைகளை உடலுக்கு வெளியே கருவுறச் செய்தார். அவற்றை வேறு முயல்களின் வயிற்றில் வைத்தார். குட்டிகள் பிறந்தன! அந்தப் பாதையில்தான் 1978-ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. இன்னொரு பக்கம், 1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களிலும் சாங் ஒருவர். பிள்ளை வேண்டும் என்றவர்களுக்கும் இப்போது வேண்டாம் என்றவர்களுக்கும் ஒரே மனிதர் உதவியிருக்கிறார்! சோதனைக் குழாய் கருத்தரிப்புக்காக ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. சாங்குக்குக் கிடைக்கவே இல்லை. அவர் 1991-லேயே காலமாகிவிட்டார்.

இனி காரணத்தைச் சொல்கிறேன். என் சித்திக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. கோயில் கோயிலாக நடந்ததும், ஊசி போட்டுக்கொண்டதும், விசேஷ வீட்டில் ஓரமாக நின்றதும் சித்தி மட்டும்தான். சித்தப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் போன தீபாவளிக்கு, என்ன காரணமாயிருக்கும் என்று சித்தி என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் நூலகத்தில் தேட ஆரம்பித்தேன்.

படித்ததில் ஒன்று புரிந்தது. கருத்தரிப்பு என்பது ஒருத்தர் வேலையில்லை. விந்தணுவும் பல படிகளைத் தாண்டித் தயாராக வேண்டும். எந்தப் படியிலும் தடங்கல் வரலாம். அதனால் இரண்டு பேரையும் பரிசோதிக்க வேண்டும். பொங்கலுக்குப் போனபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் முதல் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினார்கள்.

என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு சித்தி தனியாகப் போகவில்லை. தோழர்களே, நம் வீடுகளில் முதலில் படிக்க வந்தவர்கள் நாம். நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?